சாட்டிச் சூடையும் கனடாப் போத்தலும்

தீவுப்பகுதி வீடுகளின் கண்ணாடி அலுமாரியில் போத்தல்களுக்கென்றே ஒரு தட்டு ஒதுங்கிவிட்டது. மீனெண்ணெய், உள்ளிக் குளிசை, மஞ்சள் குளிசை, கோ-கியூ-10, பெயர் வாசிக்க முடியாத இன்னும் இரண்டு. வேலணை, சாட்டி, புங்குடுதீவு, நயினாதீவு எங்கும் பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில். ஊருக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. "அண்ணன் ரொறன்ரோவில இருந்து கொண்டுவந்தவர், கொலஸ்ட்ரோலுக்கு நல்லதாம், நாளைக்கு ரெண்டு போடச் சொன்னவர்" என்ற பேச்சு இங்கே எந்த வீட்டிலும் கேட்கும். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பழக்கம் இன்னும் ஊன்றிவிட்டது. அன்று உறவுகள் அனுப்பிய பெட்டிகளில் உயிர்காத்த மருந்துகளும் இருந்தன; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டுப்பாடு தணிந்தபின் மருந்து நின்றது; ஊட்டச்சத்துப் போத்தல்கள் மட்டும் நிற்கவில்லை.

இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டவருக்காக இந்த அத்தியாயம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தட்டிலுள்ள பெரும்பாலான போத்தல்களால் உங்கள் கொலஸ்ட்ரோல் குறையாது, ஒன்றிரண்டு கொஞ்சம் குறைக்கும், ஒன்று கெடுதல் செய்யவும் கூடும். அடுப்படியில் செய்யும் மாற்றத்துக்கு அவற்றைவிடப் பலன் அதிகம். அடுப்படியாலும் முடியாத இடத்தில் கிளினிக்கில் காசில்லாமல் தரும் குளிசை இருக்கிறது.

முதலில் அறிக்கை

போத்தலைத் திறப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் எடுங்கள். அதில் நான்கு எண்கள் இருக்கும்: மொத்தக் கொலஸ்ட்ரோல், எல்.டி.எல்., எச்.டி.எல்., ட்ரைகிளிசரைட். இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்குவது முக்கியமாக எல்.டி.எல். ட்ரைகிளிசரைட் என்பது வேறு சங்கதி. சோறும் புட்டும் அளவுக்கு மிஞ்சுவது, சீனி, கள், சாராயம், கட்டுப்படாத நீரிழிவு ஆகியவற்றால் ஏறுவது அது. எந்த எண் கூடியிருக்கிறது என்று தெரியாமல் "கொலஸ்ட்ரோலுக்கு" என்று ஒரு போத்தலை விழுங்குவதில் பயனில்லை. ஒன்றைக் குறைப்பது மற்றதைத் தொடாமலே போகலாம். சில வேளை ஏற்றியும் விடும்.

வெளிநாட்டு உறவோடு தொலைபேசியில் எண்களை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதும். கனடாவிலும் இங்கிலாந்திலும் மில்லிமோல் கணக்கு. மச்சாள் "எனக்கு எல்.டி.எல். மூண்டுதான்" என்றால், அதை 38.67ஆல் பெருக்கிப் பாருங்கள்: 116. உங்கள் 116உம் அவருடைய 3உம் ஒன்றேதான். ட்ரைகிளிசரைட்டுக்குப் பெருக்க வேண்டிய எண் 88.57. இந்தக் கணக்குத் தெரியாமல் "கனடாவில எல்லாருக்கும் குறைவு, எங்களுக்குத்தான் நூற்றுக்கணக்கில" என்று கவலைப்பட்டவர்களும் உண்டு.

எல்.டி.எல். எவ்வளவு இருக்கவேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. நோயொன்றும் இல்லாத முப்பது வயதுக்காரருக்கு 130 என்றால் உணவைத் திருத்திப் பார்க்கலாம். நீரிழிவுக்காரருக்கு 100க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவருக்கு 70க்கும் கீழே. 190க்கு மேல் போயிருந்தால் அது சாப்பாட்டால் மட்டும் வந்ததாக இராது. குடும்பத்தோடு வரும் கோளாறு என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

மீனெண்ணெய்

தட்டில் முன்வரிசையில் நிற்பது இதுதான். போத்தலின் முன்பக்கத்தில் "1000 மில்லிகிராம்" என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் நிறை. பின்பக்கச் சிற்றெழுத்தில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டும் எவ்வளவு என்று தேடுங்கள். சாதாரணப் போத்தலில் 180உம் 120உம், கூட்டினால் 300. வேலை செய்யும் ஒமேகா-3 அந்த 300 மட்டுமே.

அது செய்யும் வேலையும் ட்ரைகிளிசரைட்டைக் குறைப்பதுதான், எல்.டி.எல்.லைக் குறைப்பதல்ல. ட்ரைகிளிசரைட் குறையவும் நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு கிராம் ஒமேகா-3 தேவை. மேற்சொன்ன குளிசையில் நான்கு கிராம் எடுக்கப் பதின்மூன்று குளிசை விழுங்கவேண்டும். 2018இல் வெளிவந்த ரெடியூஸ்-இட் என்ற ஆய்வில் மாரடைப்பும் பாரிசவாதமும் குறைந்தது உண்மை. ஆனால் அங்கே கொடுத்தது ஈ.பி.ஏ. மட்டும் கொண்ட, வைத்தியர் எழுதித் தரும் மருந்து, நாளைக்கு நான்கு கிராம். கொடுக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே ஸ்டற்றின், அதாவது கிளினிக்கில் தரும் கொலஸ்ட்ரோல் குளிசை, போடுகிறவர்கள். அந்த ஆய்வின் பெயரைக் காட்டிச் சாதாரணப் போத்தலை விற்கிறார்கள். ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்த நான்கு கிராமைக் கொடுத்த இன்னொரு பெரிய ஆய்வில், 2020இல், பயன் எதுவும் தெரியவில்லை. அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் ஆபத்து கூடுவதையும் இரண்டு ஆய்வுகளும் கண்டன.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது வைற்றல் என்ற அமெரிக்க ஆய்வு. 25,000க்கு மேற்பட்டவர்களுக்கு நாளைக்கு ஒரு கிராம் ஒமேகா-3 குளிசை, ஐந்து வருடமளவில். மொத்தத்தில் பெரிய பலன் இல்லை. ஏதாவது தெரிந்ததென்றால் அது மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களிடத்தில்தான். வாரத்தில் நாலைந்து நாள் மீன்சட்டி வைக்கும் தீவுக்காரர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். கடலால் சூழப்பட்ட ஊருக்கு ஆயிரக்கணக்கான மைல் தாண்டி மீனெண்ணெய் வருவதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

காலையில் கரைக்கு வரும் சூடை, சாளை, கும்பளா, நெத்தலி, சூரை ஆகிய எண்ணெய்ப்பசை கூடிய மீன்களில் ஒமேகா-3 நிறைய உண்டு. பருவத்துக்குப் பருவம் அளவு மாறும்; என்றாலும் ஒருவேளைச் சாளைக் குழம்பு இரண்டு மூன்று குளிசைக்குச் சமம் என்று தைரியமாகச் சொல்லலாம். விளைமீனும் ஓராவும் நல்ல மீன்தான். ஆனால் கொழுப்புக் குறைந்தவை. விருந்தாளிக்கு அறக்குளா வாங்கி, சூடையை ஏழையின் மீன் என்று ஒதுக்கும் பழக்கம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. இதயத்தின் கணக்கில் சூடைக்குக் குறைவே இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, குழம்பாகவோ அவித்தோ சுட்டோ. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி அதில் கருகப் பொரித்தால் மீனின் நன்மையில் பாதி சட்டியோடு போய்விடும்.

ஏற்கெனவே போத்தல் வீட்டில் இருக்கிறதென்றால் முகர்ந்து பாருங்கள். தகரக் கூரையின் கீழே வெக்கையில் கிடந்த மீனெண்ணெய் சிக்குப்பிடித்திருக்கும். சிக்கு மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை போடுகிறவர்கள் கிளினிக்கில் சொல்லாமல் இதை எடுக்கக்கூடாது.

சிவப்பு ஈஸ்ட் அரிசி: கவனம்

பெயரைக் கேட்டால் எங்கள் சிவப்பரிசி மாதிரித்தான் தோன்றும். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அரிசியில் மொனஸ்கஸ் என்ற பூஞ்சணத்தை வளர்த்துச் செய்வது இது. சீனாவில் நெடுங்காலமாக உணவுக்கு நிறமேற்றப் பயன்படுவது. யப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1979இல் இந்தப் பூஞ்சண இனத்திலிருந்து மொனகொலின் கே என்ற பொருளைப் பிரித்தார். லோவஸ்டற்றின் என்ற பெயரில் 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றதும் அதே பொருள்தான். அதாவது "இயற்கையானது, ஸ்டற்றின் இல்லை" என்று சொல்லி விற்கப்படும் இந்தப் போத்தலுக்குள் இருப்பதே ஒரு ஸ்டற்றின். எவ்வளவு இருக்கிறதென்று மட்டும் யாருக்கும் நிச்சயமில்லை. ஒரு போத்தலில் சொட்டும் இராது, அடுத்ததில் மருந்தளவுக்கு இருக்கும்.

கிளினிக்கில் தந்த அற்றோவஸ்டற்றினோடு இதையும் சேர்த்துப் போடுகிறவர் தெரியாமலே இரண்டு ஸ்டற்றின் எடுக்கிறார். தசை உளைச்சலும், அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் அப்படி வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு நாளைய அளவில் மொனகொலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. 2024 மார்ச்சில் யப்பானின் கோபயாஷி நிறுவனம் தன் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிசைகளைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தது. அவற்றைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகப் பாதிப்போடு வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். உற்பத்தியின்போது புகுந்த வேறொரு பூஞ்சணத்தின் நஞ்சு காரணமென்று கண்டார்கள். அவ்வளவு கட்டுப்பாடுள்ள நாட்டிலேயே இப்படி நடந்தது. இந்தப் போத்தல் உங்கள் தட்டில் இருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

உள்ளி, மஞ்சள், கறுவா, மற்றவை

இவற்றைத் தனித்தனியாக நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தது. ஏறக்குறைய 200 பேர், 28 நாள். ஒரு கூட்டத்துக்கு ரொசுவஸ்டற்றின் 5 மில்லிகிராம், ஒரு கூட்டத்துக்கு வெறும் மாவுக் குளிசை, மற்றவர்களுக்கு மீனெண்ணெய், கறுவா, உள்ளி, மஞ்சள், தாவர ஸ்டெரோல், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றில் ஒவ்வொன்று. ஸ்டற்றின் போட்டவர்களின் எல்.டி.எல். ஏறக்குறைய 38 வீதம் இறங்கியது. மற்ற ஆறும் மாவுக் குளிசையைவிடச் சொல்லும்படியாக எதுவும் செய்யவில்லை. உள்ளி போட்டவர்களுக்கு எல்.டி.எல். கொஞ்சம் ஏறியே இருந்தது. 28 நாள் குறுகிய காலம், சில பொருள்களுக்கு இன்னும் நாள் வேண்டும் என்று குளிசைத் தொழிற்காரர்கள் வாதாடினார்கள். ஆனால் உள்ளியை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வும் இருக்கிறது, 2007இல் வந்தது. பச்சை உள்ளி, தூள், பதப்படுத்திய சாறு என்று மூன்று விதமாகக் கொடுத்தும் எல்.டி.எல். அசையவில்லை.

உள்ளியையும் மஞ்சளையும் இரசத்திலும் குழம்பிலும் தாராளமாகப் போடுங்கள். குளிசையாகச் செறிவாக்கிய மஞ்சள் வேறு. மிளகுச் சத்தோடு சேர்த்த மஞ்சள் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவுகள் வந்திருக்கின்றன. கண் மஞ்சளித்தால் முதலில் நிறுத்தவேண்டியது அந்தக் குளிசையை.

நயசின் என்ற விற்றமின் பி-3 ஒரு காலத்தில் வைத்தியர்களே எழுதிய மருந்து. எண்களை அழகாக்கும்; மாரடைப்பைக் குறைக்கவில்லை. 25,000க்கு மேற்பட்டவர்களில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, சீனி ஏறுவது உள்ளிட்ட கேடுகளைத்தான் காட்டியது. அதை மறந்துவிடலாம்.

முருங்கையிலைத் தூள் அடைத்த குளிசையும் இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறது. வேலியில் நிற்கிற மரத்தின் இலைக்கு டொலரில் விலை.

நல்லதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இசப்கோல் என்ற உமித்தூள் உண்மையிலேயே வேலை செய்கிறது. நாளைக்கு ஏழு முதல் பத்துக் கிராம், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு எடுத்தால் எல்.டி.எல். 5 முதல் 10 வீதம் இறங்கும். யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளில் கேட்டாலே எடுக்கலாம். மலச்சிக்கலுக்கென்று விற்பது இதுதான். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். தைரொயிட் குளிசை போடுகிறவர்கள் இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விடவேண்டும். தாவர ஸ்டெரோலும் நாளைக்கு இரண்டு கிராம் என்ற அளவில் பல ஆய்வுகளில் 8 முதல் 10 வீதம்வரை குறைத்திருக்கிறது. கிளீவ்லண்ட் ஆய்வில் அது எடுபடாததையும் மேலே சொன்னேன். காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து எடுக்கவேண்டியது

கனடாவிலிருந்து போத்தலைவிட உருப்படியான ஒன்றும் வந்திருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார். கொலஸ்ட்ரோல் கூடிய 46 பேர், ஒரு மாதம். ஒரு கூட்டத்துக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடு. இன்னொன்றுக்கு அதே சாப்பாட்டோடு லோவஸ்டற்றின். மூன்றாவதுக்குக் கொலஸ்ட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் உணவுகளை ஒன்றுசேர்த்த சாப்பாடு. மூன்றாவது கூட்டத்தின் எல்.டி.எல். ஏறக்குறைய 29 வீதம் இறங்கியது. மருந்துக் கூட்டத்துக்கு 31. எல்லாச் சாப்பாட்டையும் ஆய்வுகாரரே கொடுத்ததால் வந்த பலன் அது. வீட்டில் தாமாகச் சமைத்துச் சாப்பிடச் சொன்னபோது, 2011இல் வந்த அடுத்த ஆய்வில், ஆறு மாதத்தில் 13 வீதமளவில்தான் இறங்கியது. அதுவும் எந்த மீனெண்ணெய்ப் போத்தலும் தராத இறக்கம்.

அந்தச் சாப்பாட்டுப் பட்டியலில் என்ன இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வெண்டிக்காய், கத்தரிக்காய், பார்லி, ஓட்ஸ், சோயா, பருப்பு வகை, பாதாம், இசப்கோல், ஸ்டெரோல் சேர்த்த மாஜரீன். கடைசியை விட்டுவிடுங்கள். வெண்டிக்காயும் கத்தரிக்காயும் வேலணைச் சந்தையில் கிடைப்பவை. வெண்டிக்காயின் வழுவழுப்பு, கரையும் நார். அது குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். ஈரல் புதிய பித்தம் செய்ய இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை இழுத்துக்கொள்ளும். பாதாமுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி கச்சான், உப்புப் போடாமல் வறுத்தது. சோயாவுக்கு, கடையில் பெட்டியில் விற்கும் சோயா மீற். அதோடு வரும் சரக்குத்தூள் பக்கற்றில் உப்பு அதிகம், அதை எறிந்துவிட்டு வீட்டுத் தூளைப் போடுங்கள். பயறு, கௌபி, கடலை என்று தினமும் ஒரு கோப்பை அவித்தது. பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கத்தரிக்காய் எண்ணெயை அப்படியே உறிஞ்சும். சுட்டு மசித்துச் சம்பலாக்குங்கள்.

தேங்காய்

இதில்தான் சண்டை வரும். "எங்கட அப்பு ஆச்சி தேங்காயிலயே வளந்து தொண்ணூறு வயசு இருந்தவை" என்ற பதில் தயாராக இருக்கும். அப்பு வள்ளம் தள்ளினார், ஆச்சி தண்ணீருக்கு நடந்தார். சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணீருக்கு மற்ற இடத்துக்காரர் வந்துபோன காலம் அது. குரக்கனும் ஒடியலும் அவர்களுடைய சாப்பாட்டில் பாதி. நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் பனைதான் முதல் மரம், தென்னை பிறகுதான். இன்றைக்கு வள்ளத்தில் எஞ்சின், வாசலில் மோட்டார் சைக்கிள், தேங்காய்ப்பால் மட்டும் பழைய அளவைவிடத் தடிப்பாக.

தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் எட்டுக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலீற்றருக்குப் பத்து மில்லிகிராமளவில் ஏற்றுவதாகக் கண்டது. நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல்.லும் கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றம் இதயத்தைக் காப்பாற்றும் என்பதற்குச் சான்றில்லை. 100 மில்லிலீற்றர் தடித்த பாலில் இருபது கிராமளவு கொழுப்பு. நாள் முழுவதுக்கும் நிரம்பிய கொழுப்பு 22 கிராமைத் தாண்டவேண்டாம் என்பது, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொலஸ்ட்ரோல் கூடியவருக்கு அதிலும் குறைவாகச் சொல்வார்கள். ஒரு நேரச் சொதியிலேயே கணக்கு முடிந்துவிடலாம்.

தேங்காயை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இடத்தை மாற்றலாம். முதற்பாலை நல்லநாள் பெருநாளுக்கு வைத்து, அன்றாடச் சொதிக்குக் கப்பிப்பால் மட்டும். மீன் குழம்பைப் பாலில்லாமல் புளியில் வைக்கலாம். சூடைக்கும் சாளைக்கும் புளிதான் பொருத்தம். புட்டில் மாவுக்குச் சரியாகத் தேங்காய்ப்பூ போடுகிற கை இருந்தால் பாதியாக்குங்கள்; கோதுமை மாவுப் புட்டைக் குரக்கன் புட்டாக்கினால் இன்னும் நல்லது. புட்டோடு தேங்காய்ச் சம்பல், சொதி, வறை மூன்றையும் ஒரே நேரத்தில் வைக்கவேண்டாம். சம்பலில் தும்பு இருக்கிறது. பாலில் அதைப் பிழிந்து எறிந்துவிட்டுக் கொழுப்பை மட்டும் எடுக்கிறோம். ஆகவே இரண்டில் ஒன்றென்றால் சம்பலைத் தேர்ந்தெடுங்கள், அளவோடு.

தாளிக்க நல்லெண்ணெய். அதில் நிரம்பிய கொழுப்பு ஏழில் ஒரு பங்குதான். கடையில் "மரக்கறி எண்ணெய்" என்று விற்பதன் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பாம் எண்ணெய், அதில் பாதிக்குக் கிட்ட நிரம்பிய கொழுப்பு. ரோல்ஸ், பற்றிஸ், கொத்து ரொட்டி இவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கூழும் இறாலும்

ஒடியற்கூழைக் கொழுப்புச் சாப்பாடு என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டிக்குள் எட்டிப் பாருங்கள்: ஒடியல் மா, மீன், நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளி, செத்தல் மிளகாய். தேங்காயும் இல்லை, எண்ணெயும் இல்லை. கொலஸ்ட்ரோல்காரருக்கு யாழ்ப்பாணச் சமையலில் இதைவிடத் தோதான ஒன்றை நான் காணவில்லை. மாவை ஊறவைத்து மேல்தண்ணீரை வடிக்கும் வழக்கத்தை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். பச்சை ஒடியல் மாவில் நஞ்சுத்தன்மை இருப்பதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊறவைத்து வடிக்கும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. உப்பையும் பாருங்கள். இரத்த அழுத்தமும் கூடியிருந்தால் கூழுக்குக் கருவாடு வேண்டாம்.

இறாலிலும் கணவாயிலும் கொலஸ்ட்ரோல் அதிகந்தான், நூறு கிராமுக்கு 150 முதல் 230 மில்லிகிராம்வரை. ஆனால் நிரம்பிய கொழுப்பு மிகக் குறைவு. உணவிலுள்ள கொலஸ்ட்ரோலைவிட நிரம்பிய கொழுப்புத்தான் எல்.டி.எல்.லைக் கூடுதலாக ஏற்றுவது. 1996இல் நியூயோர்க்கில் தினமும் 300 கிராம் இறால் கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். 7 வீதம் ஏறியது, எச்.டி.எல். 12 வீதம் ஏறியது. தினம் 300 கிராம் இறால் வாங்க எங்களில் யாருக்கு வசதி? வாரத்தில் ஒரு தடவை இறால் குழம்பு வைத்தால் பயப்படவேண்டாம். அதைத் தேங்காயெண்ணெயில் பொரித்து முதற்பாலில் பிரட்டினால்தான் யோசிக்கவேண்டும்.

பனம்பழத்துக்கும் இப்போது மருந்துப் பெயர் வந்திருக்கிறது. பனங்களியின் கசப்புக்குக் காரணமான ஃபிளாபெலிஃபெரின் என்ற பொருளை இலங்கை விஞ்ஞானிகள் எலிகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதைக் கொண்டு பனாட்டு கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்று சொல்வது அவசரம். பனாட்டு இனிப்பு, நீரிழிவுக்காரர் துண்டு ஒன்றோடு நிறுத்தவேண்டியது. கள்ளும் அப்படியே. "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று தினமும் ஒரு போத்தல் இறக்குகிறவரின் ட்ரைகிளிசரைட் எப்படி இறங்கும்?

குளிசை யாருக்கு

மாரடைப்பு, பாரிசவாதம் வந்தவர்கள், நாற்பது தாண்டிய நீரிழிவுக்காரர், எல்.டி.எல். 190க்கு மேலுள்ளவர்கள் ஆகியோருக்கு உணவு துணை, ஸ்டற்றின்தான் மருந்து. எல்.டி.எல். 39 மில்லிகிராம் இறங்கினால் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவதை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகள் காட்டியிருக்கின்றன. எந்தப் போத்தலுக்கும் பின்னால் இப்படியொரு சான்று இல்லை.

"அந்தக் குளிசை போட்டால் கால் உளையுது" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. உளைவு பொய்யென்று நான் சொல்லமாட்டேன். லண்டனில் 2020இல் வெளிவந்த சாம்சன் என்ற ஆய்வில், ஸ்டற்றினை உளைவால் நிறுத்திய 60 பேருக்கு மாதம் மாறி மாதம் ஸ்டற்றின், மாவுக் குளிசை, ஒன்றுமில்லை என்று கொடுத்தார்கள். ஸ்டற்றின் மாதத்து உளைவில் பத்தில் ஒன்பது பங்கு மாவுக் குளிசை மாதத்திலும் இருந்தது. ஆகவே நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், வேறு ஸ்டற்றினுக்கு மாற்றுவார்கள். சிறுநீர் கறுப்பாகப் போனால் மட்டும் அன்றைக்கே குளிசையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த உளைவுக்கென்று வாங்கும் கோ-கியூ-10க்கு உறுதியான சான்றில்லை.

ஒரே தீவுக்குள், ஒரே சொந்தத்துக்குள் தலைமுறையாகக் கலியாணம் செய்த குடும்பங்களில் பரம்பரைக் கொலஸ்ட்ரோலைத் தேடிப் பார்ப்பது அவசியம். குதிக்காலின் மேல்நரம்பு தடித்திருப்பது, கண்ணிமையில் மஞ்சள் படிவு, குடும்பத்தில் ஐம்பத்தைந்துக்கு முன் ஆணுக்கோ அறுபத்தைந்துக்கு முன் பெண்ணுக்கோ மாரடைப்பு என்பவை அடையாளங்கள். ஒருவருக்குக் கண்டால் சகோதரங்களையும் பிள்ளைகளையும் சோதிக்கவேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களையும்.

கிளினிக்குக்குப் போகும்போது தட்டிலுள்ள எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சித்த வைத்தியர் தந்த சூரணத்தையும். தலைமயிருக்கென்று வரும் பயோற்றின் குளிசை போட்டால் அதையும் சொல்லுங்கள்; மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையின் முடிவையே அது பிழையாக்கக்கூடும். உணவையோ மருந்தையோ மாற்றி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி இரத்தம் கொடுத்தால் பலன் தெரியும். பத்தாம் நாளே ஓடவேண்டியதில்லை.

நயினாதீவு, நெடுந்தீவுக்காரருக்கு ஒன்று கூடுதலாக. குறிகட்டுவானிலிருந்து வள்ளம் ஓடாத நாள்கள் மாரியிலும் காற்றுக் காலத்திலும் வரும். கிளினிக் திகதிக்குப் பத்து நாள் முந்தியே, குளிசை இடையில் முடியாதபடி, எண்ணி வையுங்கள். கடல் சரியில்லாத மாதங்களைச் சொல்லிக் கேட்டால் கூட்டித் தரமுடியுமா என்று பார்ப்பார்கள். குளிசையை அடுப்படி அலுமாரியில் வைக்கவேண்டாம், ஆவி பட்டு இளகும். மூடியுள்ள தகர டப்பா ஒன்றில், படுக்கை அறையில் வையுங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் வழமைபோல ஒன்று, இரண்டல்ல.